சைபருக்கும் பத்துக்கும் நடுவில்

"நீங்க போறீங்களாடி, சுதா?"

"இல்லக்கா. அவரு வேணாங்கிறாரு."

"அப்ப நானும் போகல. நீங்க பக்கத்துல இருக்கையில எனக்கென்ன பயம்?"

அன்றைக்குப் பேசியது இவ்வளவுதான். காலை ஏழரை மணி இருக்கும். மூன்று நாளாக விடாமல் அடித்த மழையில் தேயிலைக் கொழுந்து வேலை நின்றுபோயிருந்தது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் வாளி நிறையும் வரை சும்மா நிற்பானேன் என்பது போலத்தான் பாக்கியலெட்சுமி கேட்டாள். தண்ணீர் கலங்கி மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் மேற்குப் பக்கத்து மூன்று காம்பரா வீட்டுக்காரர்களும் விடிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். பாக்கியலெட்சுமி தனியாள். புருசன் இறந்து ஆறு வருசம். ஒரே மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் சுதர்ஷினியின் குடும்பம் இருந்தால் அவளுக்கு அதுவே போதும். பதின்மூன்று வருசமாகப் பக்கத்துக் காம்பரா.

பிற்பகல் இரண்டு மணிக்கு மலை இறங்கியது. எட்டுக் காம்பரா லயத்தில் மேற்குப் பக்கத்து நான்கை அள்ளிக்கொண்டு போனது. நான்காவது பாக்கியலெட்சுமியுடையது. ஐந்தாவது சுதர்ஷினியுடையது, அது கூரைத் தகரம்கூட நகராமல் அப்படியே நின்றது. அந்த நேரம் சுதர்ஷினி, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் யதுர்ஷிகாவைக் கூட்டிவரக் குடையோடு கீழே ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். புருசன் கஜேந்திரன் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலையில் இருந்தான். ஓடி வந்து, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து, இருட்டும் வரைக்கும் மண்ணைத் தோண்டி பாக்கியலெட்சுமியின் உடலை வெளியே எடுத்தவன் அவன்தான்.

பீலியடிப் பேச்சைச் சுதர்ஷினி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாரும் அவளைத் திட்டப்போவதில்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். அன்று விடியற்காலை அவள் கஜேந்திரனிடம், "வெலிமடைக்கு அக்கா வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவன் விடவில்லை. "அங்க போயி நிக்கிறதுக்கு இங்கயே மண்ணுக்குள்ள போயிடலாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. அந்த வார்த்தையால் சுதர்ஷினி நின்றாள். சுதர்ஷினி நின்றதால் பாக்கியலெட்சுமி நின்றாள். மண்ணைத் தோண்டி அந்த அம்மாளைக் கையில் ஏந்தி வந்தவனிடம் போய் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது?

ஏழு வாரம் ஓடிவிட்டது. பக்கத்து லயங்களையும் சேர்த்து இருபத்திரண்டு குடும்பங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் இருந்தன. கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டுத் தடுத்திருந்தார்கள். ஒருவர் இருமினால் ஊரே கேட்கும். புருசனும் பெண்சாதியும் ஒரு வார்த்தை மனசுவிட்டுப் பேச வேண்டுமானால்கூட மைதானத்துக்குப் பின்னால் குழாயடிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் யாராவது சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். இந்த ஏழு வாரத்தில் கஜேந்திரனின் கையைச் சுதர்ஷினி தொட்டது, தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கும்போது பட்டால் உண்டு.

செவ்வாயும் வெள்ளியும் பதுளையிலிருந்து துவாரகா மிஸ் வருவாள். பஸார் தெருவில் பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகள். மனநல ஆலோசனை படித்தவள். இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. முதல் நாள் அவள் மண்டபத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, இரண்டு விரலால் தன் புருவத்தைத் தட்டிக் காட்டியபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, நாடி, கழுத்தெலும்பு, அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை. எல்லாவற்றுக்கும் முன்னால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே ஒரு வசனம் சொல்ல வேண்டும். மனசில் கிடக்கிறது எதுவோ அதைச் சொல்லி, "அது இருந்தாலும் நான் என்னை முழுசா ஏத்துக்கிறேன்" என்று முடிக்க வேண்டும்.

"என்னைய நான் ஏத்துக்காம, பக்கத்துத் தோட்டத்துக்காரனா வந்து ஏத்துக்குவான்?" என்று வடிவம்மா கேட்டாள். அறுபது வயதுக்காரி, வாயாடி. மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டாள். "இது மருந்து இல்லைங்கம்மா. மந்திரமும் இல்ல. மழைச் சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொன்னீங்கதானே? அத அடக்குறதுக்குச் சிலபேருக்கு இது உதவும். செஞ்சு பாப்போம், பிடிக்கலன்னா விட்டுருவோம்" என்றாள்.

பிடிக்காமல் இல்லை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்கள் நாலைந்து தட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். சில பேருக்குக் கொட்டாவி வந்தது. சில பேருக்குக் கண்ணீர் வந்தது. சிக்கல் வேறொன்றில் வந்தது. தட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் மிஸ் ஒவ்வொருவரிடமும் ஒரு எண் கேட்டாள். மனசில் பாரமே இல்லையென்றால் சைபர். தாங்க முடியாத பாரம் என்றால் பத்து. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே தோட்டத்துச் சங்கத் தலைவர் தங்கராஜா குழாயடியில் கூட்டம் போட்டுவிட்டார். தோட்டத்தில் தகரம் கொடுத்தபோதும், மலசலகூடம் கட்டியபோதும், தண்ணீர்த் தாங்கி வந்தபோதும் கொப்பியோடு ஒருவர் வந்து எண் எழுதிக்கொண்டு போனதை இந்த ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். பெயர் எழுதினால் லிஸ்ட். லிஸ்ட் என்றால் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. "இங்க பாருங்க, மிஸ் நம்பர் கேட்டாங்கன்னா கண்ண மூடிக்கிட்டு பத்துன்னு சொல்லுங்க. பத்து சொல்றவங்களுக்குத்தான் மொத வீடு. அஞ்சுக்குக் கீழ எவனாச்சும் சொன்னீங்க, பேரு வெட்டுப்பட்டுரும். பொறகு எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார் தலைவர்.

அதிலிருந்து எல்லோரும் பத்து. தட்டுவதற்கு முன்னும் பத்து, தட்டிய பின்னும் பத்து. "இப்ப எவ்வளவும்மா?" என்று மிஸ் வடிவம்மாவிடம் கேட்டால், நன்றாகக் கொட்டாவி விட்டு முடித்துவிட்டு, "பன்னெண்டு போட்டுக்கங்க மிஸ்" என்பாள்.

"பத்துதாம்மா கடைசி."

"அப்ப பத்தே போடுங்க. நம்மளால ஒங்களுக்கு எதுக்குக் கரச்சல்."

கஜேந்திரன் மட்டும் உட்காரவே மாட்டான். மண்டப வாசலில் தோளில் மண்வெட்டியோடு நின்றபடி, "எனக்குச் சைபர் மிஸ்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விடுவான். பெண்சாதியிடமும் அதையே சொன்னான். "கண்டதயும் ஒளறிக்கிட்டு இருக்காத புள்ள. நமக்கு ஒண்ணும் இல்ல. சைபருன்னு சொல்லு. நாளைக்கு இவங்க மனசு சரியில்லாத ஆளுங்க, மேல விடாதீங்கன்னு எவனாச்சும் எழுதி வைப்பான்." புருசன் சைபர் சொல்லச் சொல்கிறான், தலைவர் பத்து சொல்லச் சொல்கிறார். சுதர்ஷினி யோசித்துப் பார்த்துவிட்டு ஐந்து என்று சொன்னாள். வாரா வாரம் ஐந்து. வசனம் சொல்லச் சொன்னால், "எனக்குத் தலவலி இருந்தாலும்" என்று ஆரம்பிப்பாள்.

கஜேந்திரன் தினமும் மேலே போய்க்கொண்டிருந்தது காம்பராவைத் திருத்துவதற்கு. மலையை அளந்து பார்க்க வந்தவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. நின்ற நான்கு காம்பராக்களில் மற்ற மூன்று குடும்பமும் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தன. அவன் காத்திருக்கவில்லை. ஸ்டோரில் காலை வேலை முடிந்தால் நேரே மேலே. சாயங்காலம் கால் முட்டி வரை சேறோடு இறங்கி வருவான். ஒரு நாள் தகரம் அடித்தேன் என்பான். ஒரு நாள் பின்னால் தண்ணீர் வடிய ஆழமாகக் கான் வெட்டினேன் என்பான். சொல்லும்போது அவன் முகத்தில், கல்யாணமான புதிதில் அந்தக் காம்பராவுக்கு அவன் பலகைத் தட்டு அடித்துப் பானை வைத்துக் கொடுத்த நாளின் சந்தோஷம் தெரியும். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுதர்ஷினிக்கு வாய் அடைத்துப்போகும்.

இந்த வாரம் மண்டபத்து வாழ்க்கைக்கும் ஒரு முடிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சனிக்கிழமைக்குள் மண்டபத்தைக் காலி பண்ண வேண்டும். சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குக் கீழ் டிவிசனில் கூடாரம் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கஜேந்திரன் சொன்னான்:

"சனிக்கெழம ஏறிடுவோம்."

"எங்க?"

"எங்கன்னா? நம்ம காம்பராவுக்குத்தான். வெள்ளி மத்தியானம் வா, காட்டுறேன். வெள்ள அடிச்சுருக்கேன். நீ பாத்தா அசந்துருவ."

"அளக்க வந்தவங்க..."

"அவனுங்க வருவானுங்க, போவானுங்க. கூடாரத்துக்குள்ள வயசுக்கு வரப்போற புள்ளைய வச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்றியா?"

முந்தின நாள்தான் வெலிமடையிலிருந்து அக்கா விஜயலெட்சுமி போன் எடுத்திருந்தாள். "பின்னாடி காம்பராவக் கழுவி வச்சிருக்கேன்டி. வந்து இரு. எத்தன மாசம்னாலும் இரு. மச்சானும் சொல்லிட்டாரு." மச்சான் சொல்வார். நல்ல மனுசன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். உருளைக்கிழங்கும் லீக்சும் போட்டு நன்றாக வந்தவர். யதுர்ஷிகாவுக்குப் பேர் வைத்த அன்றைக்கு, அவர் வீட்டில், நாலு பேர் முன்னால், "நம்ம கஜேந்திரன் எதுக்கு அந்தத் தோட்டத்துல கெடந்து சாகணும், நம்மகிட்ட வரட்டும், மம்பட்டி புடிக்கத் தெரியுந்தானே" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கஜேந்திரன் இலையிலிருந்து எழுந்து கை கழுவியவன், பன்னிரண்டு வருசமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. அங்கே போகலாம் என்று கேட்பது அவனை மறுபடியும் அந்த இலைக்கு முன்னால் உட்காரச் சொல்வது. சுதர்ஷினிக்கு அது தெரியாதா என்ன?

அன்றைக்கு மிஸ் எல்லோரையும் தட்ட வைத்து முடித்த பிறகு, சுதர்ஷினியை மட்டும் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்து மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்காரவைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாருக்கும் பத்து. உங்க ஹஸ்பண்டுக்கு சைபர். உங்களுக்கு மட்டும் எப்பவுமே அஞ்சு. அது எப்பிடி?"

சுதர்ஷினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். தலைவர் சொன்னது, வீட்டு லிஸ்ட், புருசன் சொன்னது, எல்லாவற்றையும். மிஸ் முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்று, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏழு வாரமாக எழுதிய கொப்பியை மடியில் விரித்து, பத்து பத்து பத்து என்று வரிசையாக இருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா. இது எங்கயும் போற லிஸ்ட் இல்ல. வீட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. தட்டுறதுக்கு முன்னாடி எப்பிடி, பின்னாடி எப்பிடின்னு அவங்கவங்களுக்கே தெரியிறதுக்குத்தான் கேட்டேன். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்." கொப்பியை மூடினாள். "அப்ப உண்மையில எவ்வளவு?"

அந்தக் கேள்விக்குச் சுதர்ஷினி தயாராக இல்லை. சேலைத் தலைப்பை மறுபடியும் விரலில் சுற்றினாள். மிஸ் வேறெதுவும் கேட்காமல் தன் கை விளிம்பைத் தட்ட ஆரம்பித்தாள். சுதர்ஷினியின் விரல்களும் தானாகவே தட்டின. இந்தத் தட்டலில் அவள் தேர்ந்துவிட்டிருந்தாள். மழைக்கால இருட்டு மண்டபத்துக்குள் இறங்கும்போதெல்லாம், சேலைத் தடுப்புக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் தட்டுவாள். நெஞ்சு படபடப்பு கொஞ்சம் இறங்கும். இறங்கியதும், சரி, போய் இருந்துவிடலாம், பழகிவிடும் என்று தோன்றும். மறுநாள் மறுபடியும் ஏறும். மறுபடியும் தட்டுவாள்.

"மிஸ், இதத் தட்டினா பயம் போயிருமா?"

"அடங்கும். முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்."

"அடங்கிருச்சுன்னா அங்க போயி இருக்கலாமா?"

மிஸ் தட்டுவதை நிறுத்திவிட்டாள். மேலே, தேயிலைக்கு நடுவில் பழுப்பாகக் கிழிந்து கிடந்த இடத்தை ஒருதரம் பார்த்தாள். "அத என்னால சொல்ல முடியாதுக்கா" என்றாள். "படபடப்பப் பத்தித்தான் நான் படிச்சேன். மலையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பதில் சுதர்ஷினியோடு இரண்டு நாள் இருந்தது. யாராவது 'பயப்படாதே' என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாராவது 'போகாதே' என்று சொல்லியிருந்தாலும் அதைக் கொண்டுபோய்ப் புருசனிடம் கொடுத்துவிட்டு, மிஸ் சொல்றாங்க என்று ஒதுங்கியிருப்பாள். இப்போது அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யதுர்ஷிகாவை வடிவம்மாவிடம் விட்டுவிட்டு அவர்கள் ஏறினார்கள். காலையில் வெயில் அடித்தது. கோயிலடியைத் தாண்டும்போது நமுனுகுல மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. கஜேந்திரன் முன்னால் நடந்தான். நடந்துகொண்டே பேசினான். கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்கிறான், பிள்ளை படிக்க ஸ்டோரிலிருந்து ஒரு பழைய மேசை கேட்டு வாங்கிவிட்டான், அதைச் சுமந்து வர ஸ்டோரில் வேலை செய்யும் இப்றாஹீம் நானா ஒத்தாசை பண்ணினார், வழியில் இரண்டு தரம் மேசையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறினார்கள். "ரெண்டு கால் ஆடுது. எங்க ரெண்டு பேருக்கும் ஆடுறத விட அது கொறவுதான்" என்றான். சுதர்ஷினி சிரித்தாள். சிரிக்க வேண்டுமே என்று சிரித்தாள். காலடியில் படிக்கட்டுக் கற்கள் இரண்டு இடத்தில் இடம் மாறிக் கிடந்தன. அவள் அவற்றைத் தாண்டித் தாண்டி வைத்தாள்.

லயம் பாதியில் நின்றது. எல்லா வாசலுக்கும் முன்னால் ஓடும் இஸ்தோப்பு அவர்கள் காம்பரா வாசலோடு முடிந்துபோயிருந்தது; அதற்கு அப்பால் சிவந்த மண், நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு, அதை அமுக்கிப் பிடிக்க வைத்த கற்கள். முன்பெல்லாம் வீட்டுக்குள் நின்று பேசினால் பாக்கியலெட்சுமி அந்தப் பக்கமிருந்து பதில் சொல்வாள். உப்பு இருக்கா அக்கா என்று கேட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எடுத்துக்கிட்டு வாறேன்" என்பாள். இப்போது அதே சுவருக்கு அந்தப் பக்கம் காற்று.

"உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா" என்றான் கஜேந்திரன்.

உள்ளே வெள்ளை அடித்திருந்தான். பளிச்சென்று இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் கடைசிக் கை அடித்திருக்கிறான். சுவரில் ஈரம் காயவில்லை, அவன் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் வெள்ளை அப்படியே இருந்தது. கட்டில், மேசை, அடுப்படியில் அடுக்கிய விறகு. அவன் அந்தப் பொதுச் சுவரில் ஆணிகள் அடித்து ஒரு கம்பி கட்டியிருந்தான், துணி போட. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. இந்தக் காம்பராவில் பேச அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை.

"எப்பிடி?"

"நல்லாருக்குங்க" என்றாள். உண்மையாகவே நன்றாக இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

மழை பிடித்தது. முதலில் தகரத்தில் பத்து விரல் தட்டுவது போல. பிறகு விரல்கள் தனித்தனியாகக் கேட்காமல் போயின. கஜேந்திரன் கூரையில் எங்கெங்கே புது ஆணி அடித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பாதிப் பேச்சில் நின்றுவிட்டான். அடுப்படியைப் பார்த்தபடி நின்ற சுதர்ஷினி திரும்பிப் பார்த்தாள்.

அவன் கதவுப் பக்கம் பார்த்து நின்றான். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வலது கையின் இரண்டு விரல்கள் இடது கையின் விளிம்பை, சுண்டுவிரலுக்குக் கீழே சரியான இடத்தில், வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது. மண்டப வாசலில் மண்வெட்டியோடு நின்று சைபர் சொல்லிவிட்டுப் போகிறவன், எப்போது நின்று இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்?

"என்னங்க" என்றாள்.

அவன் கையைச் சட்டென்று பிரித்துச் சாரத்தில் துடைத்தான். "சும்மா... மரத்துப்போச்சு கை."

"எத்தன?"

"என்னது?"

"நம்பரு. எத்தன?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். மழைச் சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்க வேண்டுமென்று அவள் அருகில் போனாள்.

"தெரியல புள்ள" என்றான். "மண்ணு விழுந்த சத்தம் எனக்குக் கேக்கலியே, நான் ஸ்டோர்ல மிசினுக்குப் பக்கத்துல இருந்தேன். எனக்கு அது இல்ல. வேற ஒண்ணு. அந்தக்கா ஏன் போகல? மத்த மூணு வீடும் காலங்காத்தால போயிருச்சு. அந்தக்காவுக்குக் காலு நல்லாத்தானே இருந்துச்சு, கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் போகல? தோண்டயில இருந்து இதேதான். படுத்தா கேக்குது, சாப்புட ஒக்காந்தா கேக்குது. இங்க வந்து கான் வெட்டுனா, செவுத்தப் பூசுனா கொஞ்சம் கேக்காம இருக்கு. அதான் வாறேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். வெள்ளை காயாத கை, சொரசொரவென்று இருந்தது. விளிம்பைத் தன் இரண்டு விரலால் தட்டினாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகத் தட்டினாள். பிறகு கையைத் தூக்கி அவன் புருவம் ஆரம்பிக்கும் இடத்தில் தட்டினாள். கண்ணோரத்தில் தட்டினாள், அங்கே ஈரமாக இருந்தது. மூக்குக்குக் கீழே மீசை முடி குத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளை போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழு வாரத்துக்குப் பிறகு தன் புருசனின் முகத்தைத் தொடுகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. நாடியில் தட்டினாள். கழுத்தெலும்பில் தட்டும்போது அவன் நெஞ்சு ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது. ஏற்றம் மெல்லக் குறைந்துகொண்டு வந்தது.

இப்படியே விட்டுவிடலாம். அவன் கேள்விக்குப் பதில் தெரியாது என்று இருந்துவிடலாம். இன்றைக்கு அடங்கும்; நாளைக்கு ஏறும்; மறுபடி தட்டிக்கொள்ளலாம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தட்டிக்கொண்டே இந்த வெள்ளைச் சுவருக்குள் காலத்தை ஓட்டலாம். மேசையில் பிள்ளை படித்துக்கொண்டிருப்பாள். மேலே மலை இருக்கும்.

அவள் விரல் நின்றது.

"அந்தக்கா என்னையக் கேட்டாங்க" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"பீலியடியில. நீங்க போறீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். நாங்க இருந்தா தனக்குப் பயமில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை அவள் பார்த்தாள். அந்த விடியற்காலை, சட்டை போட்டுக்கொண்டது, விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. அவன் எழப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னதுனால..."

"நான் மட்டும் என்ன? நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் ரெண்டாவது தரம் கேக்கல. ஒரு வார்த்த சண்டை போடல. ஒங்களுக்கு மனசு நோகும்னு பேசாம இருந்தேன். செத்தது அந்தக்கா." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று அவள் மேலே சொன்னாள். "நேத்து வரைக்கும் அப்பிடித்தான் இருந்தேன். பயத்தத் தட்டித் தட்டி உள்ள அமுக்கிட்டு, ஒங்க பின்னாடி ஏறி வந்துரலாம்னு."

மழை தகரத்தை ஒரேயடியாக அடித்தது. எங்கேயோ மேலே ஒரு கல் உருண்டு, கானில் விழுந்து நின்றது. சின்னக் கல்தான். இருவரும் மூச்சை நிறுத்திக் கேட்டார்கள். வேறொன்றும் வரவில்லை.

சுதர்ஷினி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த வெள்ளை அவள் விரலில் ஒட்டி, அவள் விரல் பட்ட இடமெல்லாம் அவன் முகத்தில் பதிந்திருந்தது. புருவத்தில் ஒன்று, கண்ணோரத்தில் ஒன்று, மீசைக்கு மேலே, நாடியில். கண்ணோரத்துப் புள்ளி மட்டும் கரைந்து, கன்னத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளிகளோடு அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வர வேணாங்க" என்றாள். "வெலிமடைக்குப் போவோம். அவங்க என்ன சொன்னாலும் நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்துருக்கேன். இன்னைக்கே எறங்கி, புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவோம். ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."